மரச்சட்டப் பழைய கார்: துருவும் உளுப்பும் தேய்மானமும் – வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதிலும் கொட்டகையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாமே பாடியில் மரச்சட்டம் உள்ள கார்களைப் பற்றியவை. அம்பாசடர், பத்மினி போல முழு இரும்பு பாடி உள்ள வண்டிகளுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

என் காரில் மரச்சட்டம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மோரிஸ் மைனர் டிராவலர் என்றால் சந்தேகமே வேண்டாம், பின்பாதி மரம் வெளியிலேயே தெரியும். 1953 முதல் 1971 வரை வந்த வண்டி அது. அந்த ஆஷ் மரச்சட்டம் அலங்காரத்துக்கு ஒட்டியதல்ல. பின்பக்கக் கூரையையும் கண்ணாடிகளையும் கதவுகளையும் அதுதான் தாங்குகிறது.

மற்ற வண்டிகளில் மரம் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும். 1945 முதல் 1949 வரை வந்த எம்.ஜி. டி.சி.யும் அதற்குப் பின் வந்த டி.டி.யும் அப்படித்தான்: இரும்புச் சேசிஸ், அதன் மேல் ஆஷ் மரக்கூடு, அதன் மேல் தகடு. 1930களின் செவர்லே கார்களிலும் ஃபிஷர் பாடி மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்ததுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் இந்த வண்டிகளைப் பூட்டத் தொடங்கிவிட்டதால் நம் நாட்டில் அவை நிறைய ஓடின. 1937 மாடலில்தான் செவர்லே முழு இரும்பு பாடிக்கு மாறியது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, கீல் இருக்கும் தூணைப் பாருங்கள். கீலைப் பிடித்திருப்பது மர ஸ்குரு என்றால் உள்ளே மரம் இருக்கிறது.

கீழ்ப்பக்கம் துருப்பிடித்திருக்கிறது, தூண் மரமும் மெத்தென்று இருக்கிறது. முதலில் எதைச் செய்வது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

மரச்சட்டக் காரில் துருவும் மர உளுப்பும் (ஈரத்தில் மரம் மக்கிப்போவது) தனித்தனி வியாதிகள் அல்ல. இரண்டுக்கும் காரணம் ஒரே தண்ணீர். கண்ணாடி ரப்பர் வழியாகவோ, அடைபட்ட வடிகால் துளையாலோ உள்ளே போன நீர் கதவின் அடியிலும் தூணின் காலிலும் தங்குகிறது. ஈர மரத்தை ஒட்டிய தகடு பின்பக்கத்திலிருந்து துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது புடைத்து மரத்தின் பொருத்தைப் பிளக்கிறது. பிளந்த இடத்தில் இன்னும் நீர் இறங்குகிறது. வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். அந்தக் கொப்புளத்தை மட்டும் டிங்கரிடம் வெட்டச் சொல்லி, புதுத் தகடு வைத்து, பட்டி பூசி அனுப்பினால் இரண்டு மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடியும் வரும்.

அதனால் வரிசை இது: முதலில் திறந்து பார்ப்பது. அடுத்து, எதையும் கழற்றுவதற்கு முன் கதவு வாய்க்குக் குறுக்கே இரும்புக் குழாயால் முட்டுக் கொடுப்பது. பிறகு கீழே இருக்கும் இரும்பு – சேசிஸ், சில் பெட்டி (கதவுக்கு அடியில் ஓடும் இரும்புப் பெட்டிச்சட்டம்), பாடி உட்காரும் தாங்கிகள். அது நேரான பிறகுதான் மரம். மரம் முடிந்து, கதவை மாட்டி, இடைவெளி சரிபார்த்த பிறகே வெளித்தகடு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கோணிய சேசிஸுக்கு ஏற்றபடி மரத்தைச் செதுக்கிவிடுவோம். பின்னால் சேசிஸை நிமிர்த்தும்போது எந்தக் கதவும் மூடாது.

கதவின் இடைவெளியை எப்போதும் வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது பாருங்கள். ஸ்டாண்டில் தூக்கி வைத்திருக்கும்போது சரியாக இருந்த கதவு, இறக்கியதும் இடிக்கும்.

மரம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பிரிக்காமலே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். மெல்லிய திருப்புளியால் தூணின் கால், அடிச்சட்டம், பொருத்துகள் ஆகிய இடங்களில் அழுத்துங்கள். நல்ல ஆஷ் மரம் முனையை உள்ளே விடாது. மரச்சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மொத்தென்றும் ஒலிக்கும். பொருத்தைச் சுற்றிக் கறுப்புக் கறை படர்ந்திருந்தால் நீர் உள்ளே போய்விட்டது என்று பொருள், மேலே வார்னிஷ் எவ்வளவு பளபளத்தாலும் சரி. இன்னொரு சோதனை: சேசிஸின் ஒரு மூலையில் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்குங்கள். கதவு இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் கூடு தளர்ந்திருக்கிறது.

டிராவலரில் சறுக்குக் கண்ணாடி ஓடும் அடிக்கால்வாயைத் தனியாகப் பாருங்கள். அங்கிருக்கும் ஃபெல்ட் பட்டை நனைந்து பாசி பிடித்திருந்தால், கீழே உள்ள சட்டம் நலமாக இருக்க வாய்ப்பு குறைவு.

கதவு தொங்குகிறது. கீல் தேய்ந்துவிட்டதா, மரம் போய்விட்டதா?

கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கம் பிடித்து மேலே தூக்குங்கள். ஒருவர் கீலையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். தூணில் பதிந்திருக்கும் கீல் இலை அசையாமல், கதவு மட்டும் ஆடினால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. இது லேத் பட்டறை வேலை: துளையைச் சீராக்கி, சற்றுப் பெரிய ஊசி கடைந்து போடலாம், அல்லது பித்தளைப் புஷ் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இதை அழகாகச் செய்யும் லேத்காரர்கள் இருக்கிறார்கள்.

கீல் இலையே தூணோடு அசைந்தால் ஸ்குரு பிடிமானம் இழந்துவிட்டது. நீளமான ஸ்குரு போட்டு இறுக்குவது சில மாதங்கள் தாங்கும், அவ்வளவுதான். சுற்றியுள்ள மரம் உறுதியாக இருந்தால் துளையைப் பெரிதாக்கி, கடினமரக் கட்டையை எபாக்சி (இரண்டு பாகம் கலந்து போடும் கெட்டிப் பசை) வைத்து அடித்து, காய்ந்த பின் புதிதாகத் துளையிடலாம். சுற்றுமரமும் பொடிந்தால் தூணை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆஷ் மரம் இங்கே கிடைக்காதே. எந்த மரம் போடலாம்?

ஆஷ் நம் மண்ணின் மரமல்ல. ஆனால் அமெரிக்க வெள்ளை ஆஷ் இறக்குமதியாகிறது, சென்னையில் வெளிநாட்டு மரம் விற்பவர்களிடம் விசாரிக்கலாம். அந்தக் காலப் பாடி கட்டுபவர்கள் ஆஷைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் நெகிழ்வு. அதிர்ச்சியைத் தாங்கும், ஸ்குருவைப் பிடிக்கும், நேரான இழை உள்ளது. கோடாலிக் காம்பும் கிரிக்கெட் ஸ்டம்பும் அதில் செய்வது இதனால்தான். அதன் குறை, ஈரத்தில் சீக்கிரம் மக்கிவிடும் என்பது.

தேக்கு இதற்கு நேர் எதிர். ஈரத்துக்கும் பூச்சிக்கும் அசராது, வெயிலிலும் மழையிலும் அளவு அதிகம் மாறாது. ஆனால் ஆஷ் போல வளைந்து கொடுக்காது, ஓரத்தில் ஸ்குரு போட்டால் பிளக்கும். எப்போதும் முதலில் சிறு துளை போட்டே ஸ்குருவை இறக்க வேண்டும். அதன் எண்ணெய்ப் பசையால் ஒட்டும் பிடிக்காது; ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்டுத் துடைக்க வேண்டும்.

என் கருத்து இது. டிராவலரில் வெளியே தெரியும் சட்டங்களுக்கு ஆஷ்தான் போட வேண்டும். நிறமும் இழையும் வேறாக இருந்தால் அந்த வண்டி அந்த வண்டியாக இருக்காது. இங்கிலாந்தில் அதற்கான சட்டங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கப்பல் செலவும் சுங்கமும் சேர்த்துப் பார்த்தாலும் கடினமான வளைவுத் துண்டுகளை அங்கிருந்து வாங்குவது நியாயமே. தகட்டுக்குள் மறையும் கூட்டுக்கு, பழைய வீடு இடித்த தேக்கு அருமையான பொருள். பல பத்தாண்டுகள் காய்ந்து முறுகிய மரம் அது. குடியாத்தம், ஆரணி, வாலாஜா பக்கம் பழைய வீடுகள் இடிபடும்போது உத்தரமும் நிலையும் மரவாடிக்கு வரும். உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்து அறுக்கச் சொல்லுங்கள்.

பூவரசைப் பலர் மறந்துவிட்டார்கள். உறுதியும் நெகிழ்வும் சேர்ந்த மரம். நீண்ட நேர்ப்பலகை கிடைப்பது கஷ்டம், ஆனால் இயல்பாகவே வளைந்த கிளை கிடைத்தால் சக்கர வளைவுக்கு மேலே வரும் துண்டுகளுக்குப் பொருத்தமாக இருக்கும்.

வேங்கையும் கருவேலமும் வேண்டாம். வலிமையில் குறையில்லை, ஆனால் இரண்டிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரம் பட்டால் டானின் இரும்பை அரித்து, ஸ்குருவைச் சுற்றிக் கறுப்பாக்கும். ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கறுப்பு புதிதல்ல. பட்டைச்சாறு இரும்பில் பட்டால் வரும் அதே கறைதான்.

மர வேலையை எந்த மாதத்தில் செய்வது நல்லது?

தை பிறந்த பிறகு தொடங்கிப் பங்குனிக்குள் பொருத்தி முடிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கும். அப்போது இறுக்கமாகச் செய்த பொருத்து சித்திரை வெயிலில் சுருங்கி ஆடும். 40 டிகிரியைத் தாண்டும் கத்திரியில் செய்தால் எதிர்ப்பிரச்சினை: மழையில் ஊதிக் கதவு இறுகும். அறுத்த மரத்தைப் பொருத்துவதற்கு முன் சில வாரமாவது கார் நிற்கும் அதே கொட்டகையில் அடுக்கி வைத்துப் பழக்குங்கள். மரத்துக்கான ஈரமானி கையில் இருந்தால் 10 முதல் 12 சதவீதம் காட்டும்போது வேலை செய்யலாம்.

தூணின் அடி மட்டும் கெட்டிருக்கிறது. முழுத் தூணையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கெட்ட பகுதியைத் தாண்டி நல்ல மரம் வரும்வரை வெட்டி, புதுத்துண்டைச் சாய்வாக வெட்டி ஒட்டலாம். சாய்வு குறைந்தது 1க்கு 8 இருக்க வேண்டும்: 3 செ.மீ. கனமான சட்டத்துக்கு 24 செ.மீ. நீளச் சாய்வு. கீல், பூட்டு வரும் இடத்தில் இந்த இணைப்பு வரக் கூடாது. அப்படி வந்தால் முழுத்துண்டாக மாற்றுங்கள்.

ஒட்டுக்கு எபாக்சி. சாதாரண வெள்ளைப் பசை நாற்காலிக்குச் சரி; காரில் ஓயாத சுமையும் வெயில் சூடும் சேரும்போது அது மெல்ல நழுவும், நீரில் இளகும். நீர் தாங்கும் ஃபெவிகால் மரைன் கூட உள் அட்டை வேலைக்கு மட்டும்தான். எபாக்சி இணைப்பைக் கிளாம்ப் போட்டு அளவுக்கு மீறி நெரிக்காதீர்கள், பசை முழுதும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

மெத்தென்று இருக்கும் மரத்தில் தண்ணீர் போன்ற எபாக்சியை ஊற்றிக் கெட்டியாக்கும் முறை ஒன்று உண்டு. சுமை தாங்காத, பார்வைக்கு மட்டுமான துண்டுகளில் செய்யலாம். கீல் தூணில் செய்தால் அது வெளியே கல்லாகவும் உள்ளே தூளாகவும் நிற்கும்.

பழைய துண்டு எவ்வளவு நொறுங்கியிருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, படம் எடுத்து, கயிற்றில் கட்டி வையுங்கள். ஆசாரிக்கு அளவு சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கரையானும் உளுப்பூச்சியும் வந்துவிட்டது. என்ன செய்ய?

இரண்டும் வேறு வேறு. கரையான் மண்தரையிலிருந்து வரும். பல வருடம் நின்ற வண்டியின் டயர் காற்றிறங்கி, கதவடி தரையைத் தொட்டால் அதற்கு ஏணி போட்டது போல. வண்டியைச் சிமென்ட் தரைக்கு மாற்றி, கட்டைகளை எடுத்துவிட்டு இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மண்புற்று வழியைச் சுரண்டியெடுத்து, கொட்டகைத் தரைக்கு மருந்தடிப்பவரை அழையுங்கள்.

உளுப்பூச்சி மரத்துக்குள்ளேயே பிறந்து வளரும். குண்டூசித் துளையும் கீழே மாவு போன்ற தூளும் அடையாளம். ஆஷின் வெளிப்பகுதி அதற்குப் பிடித்த தீனி. போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த வெந்நீர்க் கரைசலை வார்னிஷ் இல்லாத மரத்தில் பல முறை பூசி ஊறவிட வேண்டும். அது மரத்துக்குள் இறங்கி நிற்கும். ஆனால் மழை நீரில் கரைந்து போகும் தன்மை அதற்கு உண்டு, அதனால் நன்கு காய்ந்ததும் மேலே நீர் இறங்காத பூச்சு கட்டாயம்.

மரத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்யலாமா?

முடிந்தவரை மரத்தைக் கழற்றிய பிறகு செய்யுங்கள். கழற்ற முடியாத இடத்தில் ஈரச்சாக்கு போட்டு, சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கேஸ் வெல்டிங் வேண்டாம். அதன் சூடு பரவித் தகட்டையும் நெளிக்கும், மறுபக்க மரத்தையும் கருக்கும். மிக் வெல்டிங் போதும். வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். தகட்டுக்குப் பின்னால் மரம் கனன்றுகொண்டிருந்தால் வெளியே தெரியாது. பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். மைனர் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் பக்கம்தான் பாடியோடு சேர்ந்திருக்கும், திரும்ப மாட்டும்போது நினைவிருக்கட்டும்.

சுமை தாங்கும் சில், ஸ்பிரிங் தாங்கிகளுக்கு 18 கேஜ் அல்லது அதைவிடக் கனமான தகடு (கேஜ் எண் குறைந்தால் கனம் கூடும்). வெளித்தோலுக்கு 20 கேஜ். வெட்டும்போது துருவின் ஓரத்தில் நிறுத்தாமல் பளிச்சென்ற இரும்பு வரும்வரை போங்கள். மைனரில் முதலில் பார்க்க வேண்டியவை பின் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், குறுக்குச்சட்டத்தின் இரு முனைகள், உள் சில். டிராவலரில் இவை கெட்டிருக்கும்போது மேலே புது மரம் போடுவது பணத்தைக் கரைப்பதுதான்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலர்த் தேய்ப்பு வேண்டாம், தண்ணீர் விட்டுத் தேய்த்து முகமூடி போடுங்கள்.

துருவை வெட்டாமல் மருந்து பூசி நிறுத்த முடியாதா?

மேலோட்டமான துருவுக்கு முடியும். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், டானிக் அமிலம் கறுப்பு டானேட்டாக மாற்றும். இரண்டும் கம்பித்தூரிகையால் உதிர்துருவை எடுத்த பின்பே வேலை செய்யும். ஓட்டை விழுந்த தகட்டுக்கு எந்த மருந்தும் வலிமை தராது. சேசிஸின் உள்கூட்டில் வேலை முடிந்ததும் மெழுகு மருந்து பீய்ச்சிவிடுங்கள். கழிவு இன்ஜின் ஆயில் அடிக்கும் பழக்கத்தை மரச்சட்டக் காரில் விட்டுவிட வேண்டும். எண்ணெய் ஊறிய மரத்தில் பிறகு பசையும் ஒட்டாது, வார்னிஷும் நிற்காது, ரப்பரும் இளகிப்போகும்.

எந்த ஸ்குரு?

மரத்தோடு மரம் சேரும் இடத்தில் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். டிராவலரின் பக்கத் தகடும் பின்கூரையும் அலுமினியம், அதில் பித்தளை நேராகப் படக் கூடாது. ஈரம் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் போட்டு, தலைக்கு அடியில் சீலண்ட் வையுங்கள். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே சத்தம் வராமலிருக்க அந்தக் காலத்தில் ஃபெல்ட், தோல் பட்டை வைத்தார்கள். ஆம்பூர்த் தோல் கையருகே கிடைக்கிறது என்று அதை வைக்க ஆசை வரும். சீட்டுக்கு வையுங்கள், இங்கே ரப்பர் போதும். தோல் நீரைப் பிடித்து வைக்கும்.

வெளிமரத்துக்கு என்ன பூச்சு?

கனமான வார்னிஷ் முதல் வருடம் கண்ணைப் பறிக்கும். நம் வெயிலில் அது வெடிக்கும், வெடிப்பு வழியே இறங்கிய நீர் வெளியேற முடியாமல் அடியில் கறுக்கும். மரத்துக்குள் ஊடுருவும் வெளிப்புற மரப்பூச்சு, அதுவும் சூரியக் கதிரைத் தடுக்கும் வகை, பல மெல்லிய கைகளாக நல்லது. பச்சை ஆளிவிதை எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியும் பூஞ்சையும் பிடிக்கும். மரத்தின் வெட்டுமுனைகளுக்கு இரட்டிப்புப் பூச்சு வேண்டும், நீர் குடிப்பது அங்கேதான். மழைக்கு முன் வருடம் ஒரு கை.

மைனர் முன்சக்கரம் மடங்கிவிழும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. முன்சக்கரத்தைத் தாங்கும் சுழலூசியின் கீழ்முனையில் மரை உள்ள ட்ரன்னியன் என்ற தாங்கி இருக்கிறது. கிரீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்தால் ஒரு நாள் கழன்று சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். 1500 கி.மீ.க்கு ஒரு முறை கிரீஸ் அடியுங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பாரம் இல்லாத நிலையில் அடித்தால்தான் தேயும் பக்கத்துக்குப் போகும். மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள். இதை உள்ளூர் லேத்தில் பழைய மரையை நிரப்பிக் கடையக் கொடுக்கக் கூடாது, புதுச் சாமான்தான்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில் சேசிஸ் சட்டத்துக்குள் இருக்கிறது. அதைக் கழற்ற டார்ஷன் பாரை (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பியை) நகர்த்த வேண்டும் என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தரைத் தகட்டைத் திறந்திருக்கும்போதே அதையும் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அதன் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள்.

இப்போதைய எத்தனால் பெட்ரோல் கெடுதல் செய்யுமா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாபிரத்தையும் இளக்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஆர்9 தரக் குழாய் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள்.

வேலையை யாரிடம் கொடுப்பது?

இரும்புக்கு ராணிப்பேட்டைப் பக்கம் கையில் தொழில் உள்ள வெல்டர்களுக்குக் குறைவில்லை. மரத்துக்கு, கட்டில் பீரோ செய்பவரைவிட லாரி பாடி கட்டிப் பழகிய ஆசாரி மேல். ஓடும் வண்டியில் மரமும் இரும்பும் சேர்ந்து எப்படி அசையும் என்று அவர் கைக்குத் தெரியும். அறைக்கலன் ஆசாரி அசையவே அசையாத பொருத்தைச் செய்து கொடுப்பார், குண்டும் குழியுமான ரோட்டில் அது பிளக்கும். இருவரையும் ஒரே நாளில் வண்டி முன் நிறுத்திப் பேசவைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

மரத்தை மாற்றினால் விண்டேஜ் பதிவு கிடைக்காதா?

2021இல் வந்த விதியின்படி 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசை எண் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். பதிவு பெற்றபின் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டமும் வாடகையும் கிடையாது. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது அந்த விதி. கெட்ட மரத்தை அதே வடிவில், அதே அளவில் செய்து வைப்பதைப் பராமரிப்பு என்று விளக்க முடியும். மரத்தை எடுத்துவிட்டு இரும்புச் சதுரக்குழாயில் கூடு கட்டினால் விளக்குவது கடினம். ஆகவே பிரிப்பதற்கு முன், பிரித்தபோது, பொருத்தியபின் என்று தேதியோடு படங்களும் மரம் வாங்கிய ரசீதுகளும் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஆய்வுக்குப் போகும் நாளில் ஆர்.சி. புத்தகத்தோடு அதையும் எடுத்துச் செல்லுங்கள்.